இத்தாலியின் முதல் தேர்தல்: 100 பேரில் 2 பேருக்கு ஓட்டு

போன எபிசோடில் கரிபால்டி ஆயிரம் சொச்சம் தொண்டர்களோட சிசிலியில் இறங்கின கதையைப் பார்த்தோம். அது 1860 மே. அடுத்த எட்டரை மாசத்துல, 1861 ஜனவரி 27-ல், இத்தாலி முழுக்க நாடாளுமன்றத் தேர்தல்.

முழுக்கன்னா, ரோமும் வெனிஸும் இதில் சேர்த்தி இல்லை. நேப்பிள்ஸின் பழைய ராஜா பிரான்செஸ்கோ அப்போ கயேட்டா கோட்டைக்குள்ள முற்றுகையில் இருக்கார். 'இத்தாலி ராஜ்ஜியம்'ங்கிற அறிவிப்பே மார்ச் 17-ல்தான் வந்துச்சு. அதாவது, நாடு பிறக்கறதுக்கு முன்னாடியே தேர்தல்!

சரி, யாருக்கெல்லாம் ஓட்டு? வடக்கில் இருந்த பீட்மாண்ட்-சார்டீனியா அரசோட தேர்தல் விதிகளையே எல்லாருக்கும் நீட்டிட்டாங்க. ஆணா இருக்கணும், 25 வயசு ஆகணும், எழுதப் படிக்கத் தெரியணும், பொதுவா வருஷத்துக்கு 40 லீரா நேரடி வரியும் கட்டணும். முக்கால்வாசிப் பேருக்கு எழுத்தே தெரியாத காலம் அது. சுமார் 2.2 கோடி மக்களில் வாக்காளர் 4 லட்சத்து 18 ஆயிரம் பேர்தான். போட்டவங்க அதிலும் 57 சதவீதம். 443 தொகுதிக்கு வகுத்தா, தொகுதிக்குச் சராசரியா 540 ஓட்டு. பெரிய அபார்ட்மெண்ட் அசோசியேஷன் தேர்தல் மாதிரி.

19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் இது சகஜம்தான். எனக்கு உறுத்துறது வேற. மூணு மாசம் முன்னாடி, 1860 அக்டோபரில், தெற்கில் 21 வயசான ஆண்கள் எல்லாரையும் கூப்பிட்டு 'இணையலாமா?'ன்னு கேட்டாங்க. நேப்பிள்ஸ் பக்கம் மட்டும் 13 லட்சம் 'ஆமா', 10 ஆயிரம் சொச்சம் 'இல்லை'. ரகசிய வாக்கெடுப்பும் கிடையாது. ஆக, நாட்டைச் சேர்க்க எழுத்து தெரியாத விவசாயியோட 'ஆமா' தேவைப்பட்டுச்சு. சேர்ந்த நாட்டுக்குச் சட்டம் போடுற ஆளைத் தேர்ந்தெடுக்க அவர் தேவைப்படலை.

இதுக்கு நடுவுல போப்போட நிலத்தைப் பறிச்ச கோபம் வேற. ஓட்டும் போடாதீங்க, வேட்பாளரா நிக்கவும் செய்யாதீங்கன்னு மார்கோத்தி என்கிற பாதிரியார் டூரின் பத்திரிகையில் எழுதினார்.

ஜெயிச்சது பிரதமர் கவூரோட ஆதரவாளர்கள், பெரிய மெஜாரிட்டியோட. பிப்ரவரி 18-ல் டூரினில் அவை கூடுச்சு. புது நாட்டோட முதல் நாடாளுமன்றம், ஆனா ஆவணத்தில் '8-வது'. சார்டீனியாவின் பழைய வரிசை எண் அப்படியே தொடருது! ராஜா விக்டர் இமானுவேலும் 'இரண்டாம்'ங்கிற பட்டத்தை மாத்திக்கலை. புது ப்ராடக்ட்னு லாஞ்ச் பண்ணிட்டு, பழைய கம்பெனியோட வெர்ஷன் நம்பரை விட்டுவெச்ச மாதிரி.

அதே வருஷம் தெற்கின் கிராமங்களில் கிளர்ச்சி வெடிச்சது. அடக்க ராணுவம் போச்சு. அந்தக் கதை அடுத்த எபிசோடில்.