புல்லட் சிந்திய எண்ணெய்

1955-ல் சென்னையில் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா, பிரிட்டிஷ் வடிவமைப்பையே பல பத்தாண்டுகள் கைவிடாமல் புல்லட் மோட்டார் சைக்கிளைச் செய்தது. எண்ணெய்க் கசிவும் கூடவே வந்தது.

அனுபவப்பட்ட மெக்கானிக் உடனே ஸ்பேனரைத் தூக்குவதில்லை. எஞ்சினை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, துடைத்து, முகப்பவுடர் தூவிச் சற்று ஓட்டிப் பார்ப்பார். வெள்ளையில் முதல் ஈரக்கோடு விழும் இடமே ஊற்றுக்கண். சொட்டும் இடத்தை நம்பக் கூடாது. காற்று எண்ணெயைப் பின்னால் தள்ளிவிடும்.

செயின் கேஸ் மூடியைப் பிடித்திருப்பது நடுவில் ஒரே நட்டு. மூடியின் ரப்பர் சீல் இறுகிப்போனால் கசியும். ஆனால் பேக்கிங்கை மாற்றி மாற்றி அலுத்தவர்கள் கவனிக்க மறப்பது பிரீதர் குழாயைத்தான். பிஸ்டன் இறங்கும்போது கிராங்க் கேஸுக்குள் அழுந்தும் காற்று வெளியேற அதுவே வழி. அது அடைத்தால் எண்ணெய் இணைப்புகள் வழியே பிதுங்கும். பேக்கிங்கைத் திட்டிப் பயனில்லை.

2000-களின் இறுதியில், எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டுக்குள் அடங்கிய புது வடிவம் வந்தது. கசிய இடம் குறைந்தது.