ஹோட்டல் அறைக்கு ஏலம் கேட்ட காலம்

ஹோட்டல் அறையை ஏலத்தில் எடுக்க முடியுமா? அமெரிக்காவில் முடிந்தது. அதுவும் கொஞ்ச நஞ்ச காலம் இல்லை, ஏறக்குறைய இருபது வருடம். நியூயார்க், சிகாகோ மாதிரி ஊர்களில், நடு ஊரில் இருக்கும் பெரிய ஹோட்டலில், வெளியே போட்டிருக்கும் விலையை விடக் குறைவாக ஒரு தொகையைக் கேட்டுப் பார்த்து, கிடைத்தால் தங்கிவிட்டு வந்தார்கள். "நம்ம எறையூருக்கும் இதுக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுக்கவும். சம்பந்தம் பருத்தி மூட்டையில் ஏறி வருகிறது :-)

முதலில் ஹோட்டல்காரனின் கவலையைப் பார்த்துவிடுவோம். கத்தரிக்காய் கூட இரண்டு நாள் தாங்கும். ஹோட்டல் அறை ஒரு ராத்திரிதான். இன்றைக்கு விற்காத அறையை நாளைக்குச் சேர்த்து விற்க முடியாது, அந்த இரவு போனால் போனதுதான். அதனால் காலியாகக் கிடப்பதை விட குறைந்த விலைக்குக் கொடுப்பது லாபம். ஆனால் வாசலில் விலையைக் குறைத்து போர்டு மாட்டினால் முழு விலை கொடுக்கத் தயாராக இருந்தவனும் அதையே கேட்பான். முழு விலைக்காரனுக்குத் தெரியாமல் பேரம் பேசுகிறவனுக்கு மட்டும் எப்படிக் குறைப்பது? இதுதான் கேள்வி.

ஜே வாக்கர் என்பவர் ஆரம்பித்த பிரைஸ்லைன் நிறுவனம் 1998இல் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது. "உங்கள் விலையை நீங்களே சொல்லுங்கள்" என்பதுதான் திட்டத்தின் பெயர். முதலில் விமானச் சீட்டு, அந்த வருடமே ஹோட்டல் அறையும். ஊரின் எந்தப் பகுதி, எத்தனை நட்சத்திரம், எந்தத் தேதி என்பதை மட்டும் நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். ஹோட்டல் பெயர் தெரியாது. ஒரு தொகையை எழுதி, கிரெடிட் கார்டு எண்ணையும் கொடுத்துவிட வேண்டும். ஏற்றுக்கொண்டால் அந்த நொடியே பணம் போய்விடும், அதற்குப் பிறகுதான் ஹோட்டல் பெயர் தெரியும். பிடிக்கவில்லை, பயணம் ரத்து என்றெல்லாம் சொல்லிப் பணத்தைத் திரும்பக் கேட்க முடியாது.

இதை ஏலம் என்று சொன்னாலும், ஒருவரோடு ஒருவர் போட்டி போட்டு விலை ஏற்றும் ஏலம் இல்லை. ஹோட்டல்கள் முன்கூட்டியே ஒரு ரகசிய விலையைக் கொடுத்து வைத்திருக்கும். உதாரணத்துக்கு அந்த ரகசிய விலை 65 டாலர், நீங்கள் கேட்டது 80 என்றால் அறை உங்களுக்கு, நடுவில் இருக்கும் 15 டாலர் பிரைஸ்லைனுக்கு! நீங்களோ 150 டாலர் அறையை 80க்கு வாங்கிவிட்டோம் என்று சந்தோஷமாக ஊர் சுற்றுவீர்கள். 66க்கே கிடைத்திருக்கும் என்பது கடைசி வரை தெரியாது.

இப்போது பருத்திக்கு வருவோம். பெரம்பலூர், அரியலூர் பக்கம் பருத்தி போடும் வீட்டுப் பிள்ளைகளுக்கு "மறைமுக ஏலம்" புதுச் சொல் இல்லை. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் மூட்டைகளை இறக்கி வைப்பார்கள். வியாபாரிகள் பஞ்சைக் கையில் எடுத்துப் பிரித்துப் பார்ப்பார்கள். ஒவ்வொருவரும் தன் விலையைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவார். அடுத்தவர் என்ன எழுதினார் என்று யாருக்கும் தெரியாது. பெட்டியைத் திறந்து, அதிக விலை எழுதியவருக்குச் சரக்கு. விலை கட்டவில்லை என்றால் விவசாயி மூட்டையைத் தர மாட்டேன் என்று சொல்லலாம்.

இந்த ஏற்பாட்டுக்கு வயது அதிகம். மதராஸ் வணிகப் பயிர்கள் சந்தைச் சட்டம் 1933இல் வந்தது. அதன்படி முதல் விற்பனைக்கூடம் 1936இல் திருப்பூரில் பருத்திக்காகத் திறக்கப்பட்டது. அதற்கு முன்னால் தரகரும் வியாபாரியும் பேசி முடிப்பதுதான் விலை. மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். சரக்குக்குச் சொந்தக்காரன் பக்கத்திலேயே நிற்பான், துண்டுக்குள் என்ன நடக்கிறது என்று அவனுக்குத் தெரியாது.

இரண்டு ஏலத்திலும் சீட்டு ஒன்றுதான், ஆனால் இருட்டில் நிற்கும் ஆள் வேறு. விற்பனைக்கூடத்தில் வியாபாரி கண்ணைக் கட்டிக்கொண்டு விலை எழுத வேண்டும், பெட்டி திறந்தால் எல்லா விலையும் வெளியே வரும். பிரைஸ்லைனில் வாங்குகிறவன் கண்ணில்தான் கட்டு, பெட்டி திறக்கப்படுவதே இல்லை. "உங்கள் விலையை நீங்களே சொல்லுங்கள்" என்ற வாசகம் வாங்குகிறவனுக்கு அதிகாரம் கொடுப்பது போலத்தான் இருக்கிறது. என் கணக்கில், அது அவன் எவ்வளவு வரை கொடுப்பான் என்பதை அவன் வாயாலேயே சொல்ல வைக்கும் தந்திரம். (எறையூர் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டுகிறவருக்கு இந்த இரண்டுமே கிடையாது. அரசு அறிவிப்பதுதான் விலை. அது தனிக் கட்டுரை.)

வாங்குகிறவர்களும் சும்மா இருக்கவில்லை. யார் எந்த ஊரில் என்ன விலைக்கு எந்த ஹோட்டலைப் பிடித்தார்கள் என்று தங்களுக்குள் பகிர்ந்துகொண்டார்கள். ஒருமுறை கேட்டுக் கிடைக்காவிட்டால் உடனே விலையை மட்டும் ஏற்றிக் கேட்க முடியாது, இன்னொரு பகுதியையும் சேர்த்தால்தான் மறுபடி கேட்கலாம் என்று விதி. அதற்கும் வழி கண்டார்கள். நாலு நட்சத்திர ஹோட்டலே இல்லாத பகுதியாகப் பார்த்துச் சேர்த்தார்கள்! பகுதி கூடும், ஆபத்து கூடாது, இன்னொரு வாய்ப்பு இலவசம். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்காவில் ஹோட்டல்கள் காலியாகக் கிடந்தபோது இந்த வித்தை தெரிந்தவர்களுக்கு நல்ல வேட்டை.

பிரைஸ்லைனின் பங்குக் கதை தனி சினிமா. 1999 மார்ச்சில் 16 டாலருக்கு வெளியிட்ட பங்கு முதல் நாளே 69இல் முடிந்தது. 2000 டிசம்பரில் ஒன்றரை டாலருக்கும் கீழே. மளிகைக்கும் பெட்ரோலுக்கும் இதே போல விலை கேட்கலாம் என்று ஒரு தனி நிறுவனம் ஆரம்பித்து, 2000 அக்டோபரிலேயே மூடினார்கள். ஒரு பாக்கெட் பிஸ்கட்டுக்கு யார் உட்கார்ந்து ஏலம் கேட்பது?

நிறுவனத்தைக் காப்பாற்றியது ஏலம் இல்லை. 2005இல் அது புக்கிங் டாட் காம் என்ற நெதர்லாந்து நிறுவனத்தை சுமார் 133 மில்லியன் டாலருக்கு வாங்கியது. அங்கே ரகசியம் எதுவும் கிடையாது. ஹோட்டல் பெயர், விலை, படம் எல்லாம் கண் முன்னே, ஹோட்டலிடம் கமிஷன் மட்டும். வாங்கிய பிள்ளை அம்மாவை விடப் பெரிதாக வளர்ந்து, 2018இல் மொத்தக் குழுமத்தின் பெயரே புக்கிங் ஹோல்டிங்ஸ் ஆனது. விமானச் சீட்டுக்கு விலை கேட்பதை 2016இல் நிறுத்தினார்கள். மற்றவையும் பிறகு ஒவ்வொன்றாகப் போயின.

இந்தியாவில் ஏலமே இல்லை என்று சொல்ல முடியாது. 2000இல் தொடங்கிய பாஸி டாட் காமில் செல்போனிலிருந்து எல்லாவற்றுக்கும் ஏலம் கேட்டார்கள், 2004இல் ஈபே அதை வாங்கியது. ஆனால் ஹோட்டல் அறைக்கு ஏலம் என்பது நம் பக்கம் வேரூன்றவில்லை. கார்டு வைத்திருந்தவர்கள் குறைவு என்பது ஒரு காரணம். பெரிய காரணம் எழும்பூர் லாட்ஜ் வாசலில் நின்றவர்களுக்குத் தெரியும். "ரூமைப் பார்த்துட்டு சொல்றேன்" என்பதுதான் நம் முதல் வாக்கியம். ஃபேன் சுத்துதா, பாத்ரூமில் தண்ணி வருதா, மெத்தை எப்படி என்று பார்த்த பிறகுதான் பேரமே. பார்க்காத அறைக்குத் திரும்பி வராத பணத்தைக் கட்டு என்றால் பெரம்பலூரிலிருந்து பஸ் ஏறி வந்தவர் கட்டுவாரா? 2013இல் ரித்தேஷ் அகர்வால் தொடங்கிய ஓயோ இந்தப் பயத்தைத்தான் குறிவைத்தது. வெள்ளை விரிப்பு, ஏசி, வைஃபை என்று ஒரு குறைந்தபட்ச உத்தரவாதம் கொடுத்து, விலையையும் முன்னாலேயே போட்டது. உத்தரவாதம் எல்லா இடத்திலும் நிறைவேறியதா என்பது வேறு விஷயம்.

அதற்கும் முன்னால் நம் பக்கம் வழிப்போக்கனின் அறைக்கு விலையே இல்லாத காலம் இருந்தது. மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் மங்கம்மாள் சத்திரமும், 1802இல் இரண்டாம் சரபோஜி ஒரத்தநாட்டில் கட்டிய முத்தம்பாள் சத்திரமும் அந்த வகை. அங்கே செலவு தர்மக் கணக்கில் போனது. காலியாகக் கிடந்த இரவைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

ஹோட்டலில் செத்துப்போன இணைய ஏலம் இன்றைக்கு எங்கே இருக்கிறது தெரியுமா? 2016 ஏப்ரலில் மத்திய அரசு தேசிய மின்னணு வேளாண் சந்தையைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் பல ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்கள் அதில் சேர்ந்தன. சீட்டும் பெட்டியும் இருந்த இடத்தில் செல்போன் வந்திருக்கிறது. வியாபாரி திரையில் விலையைத் தட்டுகிறார். மூட்டைக்குச் சொந்தக்காரர் சம்மதித்தால்தான் விற்பனை.