தலைமைக் குமாஸ்தா கொண்டுவந்த செய்தி

பன்னாட்டுக் கம்பெனிகளில் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் லீவுக்கு வந்தால், "எங்க ஆபீஸ்ல மேனேஜரையே பேர் சொல்லித்தான் கூப்பிடுவோம், தாத்தா" என்று பெருமையாகச் சொல்வார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கூப்பிடும் விதத்தில் மட்டும் மரியாதை வந்துவிடுமா? இதற்குப் பதில் 1908-இல் நம் பக்கத்திலேயே கிடைத்திருக்கிறது.

உவரியிலிருந்து திருச்செந்தூர் வழியாகப் போனால் தூத்துக்குடி. 1986 வரை அதுவும் நம் திருநெல்வேலி மாவட்டம்தான். அங்கே இருந்தது கோரல் மில் என்ற நூற்பாலை. வெள்ளைக்காரர்களான ஹார்வி சகோதரர்களின் கம்பெனி அதை நடத்தியது. பாபநாசத்தில் தாமிரபரணித் தண்ணீரின் விசையைக் கொண்டு விக்கிரமசிங்கபுரம் ஆலையை ஓட்டியதும் இவர்களே. மதுரையிலும் இவர்களுக்கு ஆலை உண்டு. பிற்காலத்தில் மதுரா கோட்ஸ் என்று நாம் அறிந்த நிறுவனத்தின் வேர் இதுதான்.

கோரல் மில்லில் கூலி குறைவு, வேலை நேரம் நீளம், நடத்தும் விதமும் கடுமை. 1908 பிப்ரவரி 23 அன்று வ.உ.சிதம்பரம் பிள்ளை தொழிலாளர்களிடையே பேசினார். நான்கே நாளில், 27-ஆம் தேதி, வேலைநிறுத்தம் தொடங்கிவிட்டது. சுப்பிரமணிய சிவாவும் உடன் நின்றார். கூலி உயர்வு, வாரம் ஒருநாள் ஓய்வு, மற்ற விடுமுறை வசதிகள் ஆகியவையே கோரிக்கைகள்.

மார்ச் 6 அன்று ஆலையின் தலைமைக் குமாஸ்தா வ.உ.சி.யைத் தேடி வந்தார். கோரிக்கைகளை ஏற்க நிர்வாகம் தயார் என்ற செய்தியோடு வந்தார். நானும் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் சற்று நின்றுவிடுவேன். மேலே இருப்பவர் இறங்கி வர மனம் வைத்தாலும், அதைக் கொண்டுபோய்ச் சொல்ல நடுவில் ஒரு ஆள் வேண்டியிருக்கிறது.

வ.உ.சி. தனியாகப் போய்ப் பேசி முடித்திருக்கலாம். அப்படிச் செய்யாமல், 50 தொழிலாளர்களைக் கூட்டிக்கொண்டு மேனேஜர்களைச் சந்தித்தார். கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிறு விடுமுறை கிடைத்தது. ஒன்பது நாளில் எல்லாம் முடிந்தது. கல்கத்தாவிலிருந்து அரவிந்தர் தம் 'வந்தே மாதரம்' பத்திரிகையில் பாராட்டினார். மற்ற ஐரோப்பியக் கம்பெனிகளின் தொழிலாளர்களுக்கும் கூலி கூடியது.

என்னைக் கேட்டால், அந்த 50 பேர் உள்ளே போனதுதான் முக்கியம். ஆலையில் வேலை செய்பவனே தன் குறையை முதலாளியின் முன்னால் நின்று சொன்னான், அவர்களும் கேட்டார்கள். மரியாதை என்பது அதுதான்.

ஆனால் அரசாங்கத்துக்கு அது பொறுக்கவில்லை. மார்ச் 12 அன்று வ.உ.சி.யும் சிவாவும் கைது செய்யப்பட்டார்கள். தொழிலாளர்கள் மறுபடியும் வேலையை நிறுத்தினார்கள். இம்முறை கூலிக்காக அல்ல, தங்களுக்காகப் பேசியவருக்காக.

பேச வழியில்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்குப் புதுச்சேரி சாட்சி. 1936 ஜூலை 30 அன்று சவானா மில் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சு அரசின் போலீஸ் சுட்டதில் 12 பேர் மாண்டார்கள். எட்டு மணி நேர வேலை அங்கே அதன் பிறகே வந்தது. பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு, பெரியவர்களிடம் 'வூ', நெருங்கியவர்களிடம் 'தூ' என்று சொல்லிக் கொடுத்தார்கள். நம் 'நீங்கள்', 'நீ' போலத்தான். அவ்வளவு நாசூக்கான மொழியை ஆட்சிமொழியாக வைத்திருந்தும், தொழிலாளி சொன்னதைக் கேட்க அங்கே ஆளில்லை.

ஆகவே, பேர் சொல்லிக் கூப்பிடும் பிள்ளைகளிடம் நான் வேறு கேள்வி கேட்பேன். "மேனேஜர் சொன்னது சரியில்லை என்றால் அவரிடமே சொல்ல முடியுமா? சொன்ன பிறகும் வேலை இருக்குமா? ஞாயிற்றுக்கிழமை போன் வந்தால் எடுக்காமல் இருக்க முடியுமா?" சிலர் சிரிக்கிறார்கள், சிலர் பேச்சை மாற்றுகிறார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை யாரும் சும்மா கொடுத்ததல்ல. ஒன்பது நாள் கூலியை இழந்து, வீட்டில் உலை வைக்க வழியில்லாமல் இருந்தவர்கள் வாங்கியது. உங்கள் குடும்பத்தில் கோரல் மில்லிலோ விக்கிரமசிங்கபுரம் ஆலையிலோ வேலை பார்த்த பெரியவர்கள் இருந்திருந்தால், அவர்கள் சொன்னதை எழுதி வையுங்கள். நமக்குப் பிறகு அதைச் சொல்ல ஆள் இருக்காது.