மெஹ்ரோலிக் கல்லறைகளும் 1871-ஆம் ஆண்டுச் சட்டமும்

தில்லியில் குடியேறிய நம்மவருள் குதுப் மினாரைக் காணாதவர் அரியர். அதற்கு அண்மையில், மெஹ்ரோலிக் கடைத்தெருவில், சிறு வாயில் ஒன்று உண்டு. உள்ளே சென்றால் வெண்சுண்ணம் பூசிய கல்லறைகள் ஏறக்குறைய 50 இருக்கும். லோதி மன்னர் காலத்ததாகிய இவ்விடத்தின் பெயர் ‘ஹிஜ்ரோன் கா கான்காஹ்’. ஹிஜ்ராக்கள் எனப்படும் வடநாட்டுத் திருநங்கையர் துயிலும் இடம் இது. பழைய தில்லியில், துருக்மான் வாயிற்பகுதியைச் சேர்ந்த திருநங்கையரே இதனைப் பேணி வருகின்றனர்.

மகப்பேறு இல்லாதவர்க்கு வழித்தோன்றல் யார்? குருவுக்குச் சீடர், சீடர்க்கு அவர்தம் சீடர் என்று இவர்கள் ஒரு குடும்பமுறையை வகுத்துக்கொண்டனர். குருவின் உடைமையும் பொறுப்பும் சீடரைச் சேரும். ஆங்கில ஆட்சி கைவைத்தது இந்த வேரில்தான்.

1852-இல் மைன்புரி மாவட்டத்தில் பூரா என்னும் ஹிஜ்ரா கொலையுண்டார். முன்னாள் காதலரே கொன்றார் என்பது நீதிபதிகளின் முடிவு. ஆயினும் கொல்லப்பட்டவரின் இனமே பழிக்கு உள்ளாயிற்று. மாண்டவர் குற்றவாளி ஆன விந்தையை என்னென்பது! இவ்வினம் படிப்படியாக அற்றுப்போதல் வேண்டும் என்பதே பின்னர் வடமேற்கு மாகாண அதிகாரிகள் கொண்ட நோக்கமாயிற்று.

1871-இல் பிறந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தின் இரண்டாம் பகுதி இவர்களைக் குறித்தே எழுதப்பட்டது. ஐயத்துக்கு உள்ளானவரின் பெயரும் இருப்பிடமும் பதிவேட்டில் ஏறின, உடைமைகளும் ஏறின. பெயர் ஏறியவர் பெண்ணுடையும் அணியும் பூண்டு தெருவில் தோன்றினால், ஆடினால், இசைக்கருவி வாசித்தால், பிடியாணையின்றியே கைது செய்யலாம். 2 ஆண்டு வரை சிறை. 16 வயது நிரம்பாத சிறுவனை வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். இவற்றினும் கொடியது வேறொன்று: அவர்கள் நன்கொடை அளித்தல், உயில் எழுதுதல், மகனைத் தத்தெடுத்தல் ஆகியவை செல்லா. தண்டனையைப் பொறுத்துக்கொள்ளலாம், தமக்குப்பின் தம்மவர் என்று ஒருவர் இல்லாமற்போவதை எங்ஙனம் பொறுப்பது?

இவ்விடத்தில் நம் தொல்காப்பியம் நினைவுக்கு வருகிறது. ஆண்மை திரிந்தாரை அது உயர்திணையிலேயே வைத்து, அவர்க்குரிய வினைமுடிபையும் கூறுகிறது. இலக்கணம் கண்ட மனிதரைச் சட்டம் காணவில்லை. நம் ஊர்களில் அவர்கள் ஏளனமே இன்றி வாழ்ந்தனர் என்று சொல்லவரவில்லை, அது பொய்யாகும்.

நாடு விடுதலை பெற்றபின், 1952-இல் குற்றப் பரம்பரைச் சட்டம் நாடு முழுவதும் நீங்கியது. 2008-இல் தமிழ்நாடு அவர்களுக்கென நலவாரியம் அமைத்தது. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில் ஆண், பெண் அல்லாத ‘பிறர்’ எனப் பதிவானோர் 4,87,803. முன்பு ஒடுக்குதற்கு எழுதிய பெயர்கள். இப்போது குடிமக்களாய் எண்ணப்பட்டன.

2014 ஏப்ரல் 15 அன்று, நீதிபதிகள் கே. எஸ். இராதாகிருஷ்ணனும் ஏ. கே. சிக்ரியும் அமர்ந்த உச்ச நீதிமன்றம், தம் பாலினத்தைத் தாமே உரைக்கும் உரிமை அவர்க்கு உண்டெனத் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு 1871-ஆம் ஆண்டுச் சட்டத்தையும் பெயர் சுட்டி நினைவுகூர்ந்தது. பதிவேடுகள் பழங்கடிதங்களாய் ஆவணக் காப்பகங்களில் கிடக்கின்றன. மெஹ்ரோலிக் கல்லறைகளுக்குச் சுண்ணம் பூசும் கைகளோ இன்னும் ஓயவில்லை.