கருத்தடை மாத்திரையால் பாதிப்பு வந்தால் இழப்பீடு கேட்க முடியுமா? தேனி, கம்பம் பகுதிப் பெண்களுக்கு சட்டம் தரும் வழிகள்

கம்பத்தில் இருந்து தினமும் ஜீப்பில் ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போகும் 32 வயதுப் பெண் ஒருவர், மெடிக்கலில் கருத்தடை மாத்திரை வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அட்டையைக் கத்தரித்து, பேப்பரில் மடித்துக் கொடுக்கிறார்கள். பில் இல்லை. பெட்டிக்குள் இருக்கும் எச்சரிக்கைத் துண்டுச்சீட்டும் இல்லை. இரண்டு மாதம் கழித்து ஒரு கால் மட்டும் வீங்குகிறது. "நின்னு நின்னு வந்த வலி" என்று விட்டுவிடுகிறார். மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் ஆஸ்பத்திரி, ஸ்கேன், ரத்தக்கட்டி என்று தெரிகிறது.

இது ஓர் உதாரணம்தான். ஆனால் இவருக்கு இழப்பீடு கிடைக்குமா என்பது, மாத்திரை எங்கிருந்து வந்தது, கொடுக்கும்போது என்ன சொன்னார்கள் என்ற இரண்டு கேள்விகளைப் பொறுத்தே இருக்கிறது.

பக்கவிளைவு வந்தாலே வழக்கு போடலாமா?

முடியாது. எந்த மருந்துக்கும் பக்கவிளைவு உண்டு என்பதை நீதிமன்றங்கள் ஏற்கின்றன. இரண்டு ஹார்மோன் கலந்த கருத்தடை மாத்திரைகளால் ரத்தக்கட்டி வருவது அரிது. ஐரோப்பிய மருந்து முகமை 2013-ல் வெளியிட்ட கணக்குப்படி, மாத்திரை எடுக்காத 10,000 பெண்களில் ஆண்டுக்கு சுமார் 2 பேருக்கு ரத்தக்கட்டி வருகிறது. லெவோநார்ஜெஸ்ட்ரல் வகை எடுப்பவர்களில் இது 5 முதல் 7. ட்ராஸ்பைரினோன் வகையில் 9 முதல் 12.

ஆக, மாத்திரையைப் பார்த்து எல்லோரும் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் சிலருக்கு இது கொடுக்கவே கூடாது. ஏற்கெனவே ரத்தக்கட்டி வந்தவர்கள், ரத்த அழுத்தம் மிக அதிகமாக உள்ளவர்கள், கண்ணில் ஒளி மின்னி வரும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள், பிரசவமாகி 6 வாரம் ஆகாத, பால் கொடுக்கும் தாய்மார்கள் இந்தப் பட்டியலில் வருகிறார்கள். மருத்துவர் இதைக் கேட்காமலே எழுதிக் கொடுத்தாலோ, எச்சரிக்கை வாங்குபவர் கைக்கு வராமல் போனாலோதான் வழக்குக்கு அடிப்படை கிடைக்கிறது.

ஒரு கால் மட்டும் வீக்கம், திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, தாங்க முடியாத தலைவலி, பார்வை மங்கல் இவற்றில் எது வந்தாலும் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சட்டம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

காசு கொடுத்து வாங்கியிருந்தால்

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 கைகொடுக்கும். பொருளால் ஏற்படும் தீங்குக்குத் தயாரிப்பாளரும் விற்பவரும் பொறுப்பு என்ற தனி அத்தியாயமே இந்தச் சட்டத்தில் உண்டு. தயாரிப்பில் கோளாறு, போதுமான எச்சரிக்கை இல்லாமை ஆகியவற்றுக்கு 84-வது பிரிவின்படி கம்பெனி பதில் சொல்ல வேண்டும். 86-வது பிரிவு கடைக்காரருக்கானது. தயாரிப்பாளர் கொடுத்த எச்சரிக்கையை வாங்குபவருக்குக் கடத்தாமல் விட்டு, அதனால் தீங்கு வந்திருந்தால், அவரும் பொறுப்பு. மேலே சொன்ன உதாரணத்தில் அட்டையை வெட்டி, துண்டுச்சீட்டு இல்லாமல் கொடுத்தது இங்கேதான் வந்து நிற்கிறது.

கம்பெனி தரப்பு எடுத்து வைக்கும் முக்கியமான வாதத்தையும் தெரிந்துகொள்வது நல்லது. மருத்துவர் மேற்பார்வையில் மட்டும் பயன்படுத்த வேண்டிய மருந்தாக இருந்து, மருத்துவர்களுக்குத் தேவையான எச்சரிக்கையை கம்பெனி முறையாகக் கொடுத்திருந்தால், 87-வது பிரிவின்படி அது தப்பிக்கலாம். அப்போது கேள்வி மருத்துவரிடமோ, சீட்டு கேட்காமல் விற்ற கடையிடமோ திரும்பும். குறைந்த ஹார்மோன் அளவு கொண்ட சில கருத்தடை மாத்திரைகளுக்கு மருந்துச் சீட்டு விதியில் விலக்கு இருக்கிறது. எல்லா ஹார்மோன் மாத்திரைக்கும் அந்த விலக்கு கிடையாது. கோயில் திருவிழா, கல்யாணம் என்று மாதவிடாயைத் தள்ளிப்போட வாங்கும் மாத்திரையின் அட்டையில் சிவப்புக் கோடும் சீட்டு தேவை என்ற எச்சரிக்கையும் இருந்து, சீட்டில்லாமல் விற்றிருந்தால், அது தனிக் குற்றம். மருந்து ஆய்வாளரிடம் புகார் செய்யலாம். கடையின் உரிமத்துக்கே சிக்கல் வரும்.

பணக் கணக்கு பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும். எவ்வளவு இழப்பீடு கேட்கிறோம் என்பதை வைத்து எந்த ஆணையம் என்று முடிவாவதில்லை. பொருளுக்கு எவ்வளவு கொடுத்தோம் என்பதுதான் அளவுகோல். இதை உச்ச நீதிமன்றமும் 2025 ஏப்ரலில் உறுதி செய்தது. கொடுத்த தொகை 50 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட ஆணையம். 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே கிடையாது. 200 ரூபாய் மாத்திரைக்காக 10 லட்சம் கேட்டாலும் தேனி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இலவசமாகவே மனு போடலாம்.

குமுளியில் வாங்கியிருந்தால்?

கூடலூர், கம்பம் பக்கம் வேலைக்காகத் தினமும் மலையேறுபவர்கள் கேரளக் கடையில் மாத்திரை வாங்குவது சகஜம். வழக்குக்காக இடுக்கிக்கு அலைய வேண்டியதில்லை. பழைய சட்டத்தில் இந்த வசதி இல்லை. 2019 சட்டத்தின் 34-வது பிரிவு, புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு செய்ய அனுமதிக்கிறது. கடை உரிமம் பற்றிய புகார் மட்டும் கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்குப் போக வேண்டும்.

அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாக வாங்கியிருந்தால்

இங்கேதான் பல பெண்களுக்கு வழி குறுகுகிறது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் கிடைக்கும் மாலா-என், சாயா மாத்திரைகள், அந்தரா ஊசி எல்லாமே இலவசம். எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் இடங்கள் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 1995-ல் வி.பி.சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. காசில்லாதவர் போகும் இடத்துக்கு எளிய மன்றம் இல்லை என்பது கசப்பான நிலைமைதான்.

அரசின் குடும்ப நல இழப்பீட்டுத் திட்டம் இருக்கிறதே என்று கேட்கலாம். அது குடும்பக் கட்டுப்பாடு அறுவை சிகிச்சைக்கு மட்டும்தான். மரணம், சிக்கல், ஆபரேஷன் தோல்வி ஆகியவற்றுக்குப் பணம் உண்டு. மாத்திரைக்குக் கிடையாது.

மிச்சம் இருப்பது இரண்டு வழி. ஒன்று, சிவில் வழக்கு. ஹரியானாவில் கருத்தடை ஆபரேஷன் செய்த பிறகும் கர்ப்பமான கூலித் தொழிலாளி சாந்த்ரா போட்ட சிவில் வழக்கில், அரசு மருத்துவரின் கவனக்குறைவுக்கு அரசே பொறுப்பு என்று 2000-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவருக்குக் கிடைத்தது 54,000 ரூபாயும் வட்டியும். இன்னொன்று, உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு. தவறு ஆவணத்திலேயே தெளிவாகத் தெரிந்தால் இது பலிக்கும். "சொன்னோம்", "சொல்லல" என்று இரு தரப்பும் மறுத்துப் பேசினால் சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொல்வதுதான் வழக்கம்.

அட்டையே இல்லாத மாத்திரை

தமிழக ஆயத்த ஆடை, நூற்பாலைகளில் மாதவிடாய் வலிக்காக மேற்பார்வையாளர்கள் கொடுத்த மாத்திரையில் பெயரோ, காலாவதித் தேதியோ இல்லை என்று பெண் தொழிலாளர்கள் சொன்னதை 2019-ல் தாம்சன் ராய்ட்டர்ஸ் ஃபவுண்டேஷன் செய்தியாக வெளியிட்டது. மனச்சோர்வு முதல் கருச்சிதைவு வரை பாதிப்புகளை அவர்கள் சொன்னார்கள். அது கருத்தடை மாத்திரை விவகாரம் இல்லை. ஆனால் என்ன மருந்து என்றே தெரியாவிட்டால் யார் மீது வழக்கு போடுவது? ஆண்டிபட்டி பக்க மில் வேலைக்குப் போகும் பெண்களுக்கும் இதே கேள்வி பொருந்தும். யார் மாத்திரை கொடுத்தாலும் அட்டையை மொபைலில் ஒரு போட்டோ எடுத்து வைத்தால் போதும்.

என்னென்ன கையில் வேண்டும்?

மீதி மாத்திரை, அட்டை, பில், மருத்துவர் சீட்டு, ஸ்கேன் ரிப்போர்ட். பில் இல்லையென்றால் ஜிபே பதிவும் உதவும். மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் மருத்துவர் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002 மருத்துவ நடத்தை விதி. அரசு ஆஸ்பத்திரி தரத் தாமதித்தால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேட்கலாம்.

இன்னொரு முக்கியமான வேலை, 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணுக்கு அழைத்து பக்கவிளைவைப் பதிவு செய்வது. மத்திய அரசின் மருந்துக் கண்காணிப்புத் திட்டம் இது. இதில் இழப்பீடு வராது. ஆனால் தேதியோடு ஒரு பதிவு உருவாகிறது. மாத்திரைதான் காரணம் என்று ஒரு மருத்துவர் எழுத்தில் சொல்வதும் பெரும்பாலான வழக்குகளில் தேவைப்படும். உண்மையில் மிகக் கடினமான படி இதுதான்.

அமெரிக்காவிலும் இதே ரத்தக்கட்டிப் பிரச்சினைக்காக யாஸ், யாஸ்மின் மாத்திரைகளைத் தயாரித்த பேயர் நிறுவனம் மீது ஆயிரக்கணக்கான பெண்கள் வழக்கு போட்டார்கள். தவறை ஒப்புக்கொள்ளாமலேயே அந்த நிறுவனம் சுமார் 200 கோடி டாலர் கொடுத்து சமரசம் செய்தது. இங்கே அப்படி எதிர்பார்க்க முடியாது. ஒவ்வொருவரும் தன் வழக்கைத் தனியாக நிரூபிக்க வேண்டியிருக்கும்.

"வீட்டுக்குத் தெரியாம எடுத்தேன்"

கணவருக்கோ மாமியாருக்கோ தெரியாமல் மாத்திரை எடுத்தது வழக்குக்குத் தடையே இல்லை. குழந்தை பெறுவதா வேண்டாமா என்ற முடிவு பெண்ணின் தனிமனித சுதந்திரத்தில் அடங்கும் என்று 2009-ல் சுசிதா ஸ்ரீவாஸ்தவா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் வெளியே சொல்லத் தயங்கித் தயங்கியே பலருக்கு நாள் ஓடிவிடும். நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும். அதற்கு மேல் போனால், தாமதத்துக்குச் சரியான காரணம் காட்ட வேண்டும்.

வக்கீலுக்குப் பணம் இல்லையே என்றால், 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி எந்தப் பெண்ணுக்கும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவச வக்கீல் உண்டு. தேனி மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். கம்பம், கூடலூர், சின்னமனூர் பகுதியினருக்கு உத்தமபாளையம் நீதிமன்றம் பக்கம். நேரில் போக முடியாதவர்கள் 15100 என்ற எண்ணில் பேசலாம். நுகர்வோர் மனு பற்றிய சந்தேகங்களுக்கு 1915.