ஊரான் வண்டிச் சக்கரம்

கார் பஞ்சரானால் நம்மூரில் யாரும் "மாற்றுச் சக்கரம் எங்கே?" என்று கேட்பதில்லை. "ஸ்டெப்னி இருக்கா?" என்றுதான் கேட்பார்கள். அது வேல்ஸ் நாட்டின் லனெல்லி ஊரில் உள்ள ஒரு தெருவின் பெயர். ஸ்டெப்னி தெருவில் பட்டறை வைத்திருந்த தாமஸ் மாரிஸ் டேவிஸ், வால்ட்டர் டேவிஸ் சகோதரர்கள் 1904-இல் உருவாக்கிய உபரிச் சக்கரத்துக்குத் தெருவின் பெயரே ஒட்டிக்கொண்டது. பிரேசில்காரர்களும் உபரிச் சக்கரத்தை ‘எஸ்டெப்பே’ என்றே சொல்கிறார்கள்.

அன்றைய கார்களில் சக்கரத்தைச் சட்டென்று கழற்றி மாட்ட வழியில்லை. பஞ்சரானால் நடுரோட்டில் டயரை நெம்பி எடுத்து, டியூபுக்கு ஒட்டுப்போட்டு, காற்றடித்துத்தான் கிளம்ப வேண்டும். டேவிஸ் சகோதரர்களின் சக்கரத்துக்கு ஆரக்கால் கிடையாது. காற்றடித்த டயர் பூட்டிய வெறும் வளையம் அது. பஞ்சரான சக்கரத்தோடு ஒட்டிவைத்துக் கவ்விகளால் முடுக்கிவிட்டால் வண்டி ஓடும். காரைச் செய்த கம்பெனி கொடுக்காத சக்கரத்தைக் காரில் மாட்டும் வழக்கத்துக்கு இப்படியாக நூறு வயது தாண்டிவிட்டது. குளிர் நாடுகளில் அது ஆண்டுக்கு இருமுறை நடக்கும் சடங்காகவே ஆனது. காரணம், பனி.

அதே 1904-இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த ஹாரி வீட் என்பவர் டயரில் சுற்றும் பனிச் சங்கிலிக்குக் காப்புரிமை பெற்றார். வழுக்காமலிருக்க டயரில் கயிற்றைச் சுற்றி ஓட்டியவர்களைப் பார்த்து அவருக்கு இந்த யோசனை பிறந்ததாகச் சொல்வார்கள். சங்கிலி பனியில் நன்றாகப் பிடித்தது. பனி இல்லாத சாலையிலோ தடதடத்தது, சாலையையும் பெயர்த்தது.

பனிக்கென்றே ஒரு டயர் பின்லாந்தில் பிறந்தது. இன்றைய நோக்கியன் டயர்ஸின் தாய்க் கம்பெனி 1934-இல் லாரிகளுக்காக ‘கெலிரெங்காஸ்’ என்ற டயரைக் கொண்டுவந்தது. இரண்டே ஆண்டில் கார்களுக்கும் வந்தது. அதற்கு ‘ஹக்கபெலீட்டா’ என்று பெயர் வைத்தார்கள். ஐரோப்பாவின் முப்பதாண்டுப் போரில் ஸ்வீடன் அரசருக்காகச் சண்டையிட்ட பின்லாந்துக் குதிரை வீரர்களின் பெயர் அது. அந்தப் பெயரில் இன்றும் டயர் விற்கிறது.

1960-களில் டயரின் பட்டன்களில் சிறு உலோக முட்களைப் பதித்தார்கள். பனிக்கட்டியை அவை கவ்விப் பிடித்தன. பனி உருகிய நாட்களில் அதே முட்கள் தார்ச்சாலையைச் சுரண்டின. ஜப்பானின் செண்டாய் நகரவாசிகள் அந்தத் தூசியில் மூச்சுத் திணறினார்கள். முள் இல்லாமல் மெத்தென்ற ரப்பரையே நம்பிய ‘பிளிஸாக்’ டயரை பிரிட்ஜ்ஸ்டோன் 1988-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1990-இல் முள் டயருக்கு எதிராக ஜப்பானில் சட்டமே வந்தது.

ரப்பரின் சங்கதி இதுதான்: மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் உறைவதுபோல, வெப்பம் சுமார் 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே போனால் கோடை டயரின் ரப்பர் விறைத்துப்போகும். விறைத்த ரப்பர் சாலையைப் பிடிக்காது. குளிர்கால டயரின் ரப்பர் அந்தக் குளிரிலும் இளகியே இருக்கும். அதை வெயில் காலத்தில் ஓட்டினால் சீக்கிரம் தேய்ந்துவிடும். எனவே ஒரு காருக்கு இரண்டு செட் டயர்.

பின்லாந்து 1978-இல் குளிர்கால டயரைக் கட்டாயமாக்கியது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 2008-இல் சட்டம் வந்தது. டிசம்பர் 15 என்றிருந்த கெடுவை 2019-இல் டிசம்பர் 1 என்று முன்னுக்குக் கொண்டுவந்தார்கள். மொன்றியலில் வாழும் ஈழத்தமிழர்களுக்கும் அதுதான் கெடு. ஜெர்மனியில் தேதிக் கணக்கு இல்லை. சாலையில் பனியோ உறைபனியோ இருந்தால் அதற்கான டயர் இருக்க வேண்டும். ‘அக்டோபர் முதல் ஈஸ்டர் வரை’ என்பது அங்கே மக்கள் வைத்திருக்கும் கணக்கு.

டயரை மட்டும் ஆண்டுக்கு இருமுறை டிஸ்க் எனப்படும் உலோகச் சக்கரத்திலிருந்து பிரித்து மாற்றுவது செலவு, டயரின் விளிம்புக்கும் கேடு. டிஸ்க்கோடு இன்னொரு செட் இருந்தால் ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் போதும். வீட்டு வாசலிலேயே வேலை முடிந்துவிடும். கழற்றியதை வைக்க வீட்டில் இடமில்லாதவர்களுக்கென்று ஸ்வீடனிலும் பின்லாந்திலும் ‘டயர் ஹோட்டல்’ என்ற பெயரிலேயே கடைகள் உண்டு. கோடையின் அலாய் வீல் அங்கே ஓய்வெடுக்கும். சாலையில் தூவும் உப்பைத் தாங்க முரட்டு இரும்பு டிஸ்க் வெளியே வரும்.

அந்த இரும்பு டிஸ்க் நான்கை எங்கே வாங்குவது? கம்பெனி ஷோரூமில் விலை அதிகம். காயலான் கடையில் குவியலாகக் கிடக்கும், ஆனால் வேறு காருடையதாக இருக்கும். பொருந்துமா என்ற கேள்வி அங்கேதான் எழுகிறது.

ஐந்தாம் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் காரின் இரும்பு டிஸ்க் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் அளவை ‘6ஜே × 15 ஹெச்2 இ.டி. 47’ என்று குறிப்பார்கள். 6 என்பது அங்குலத்தில் அகலம், 15 விட்டம். ‘ஜே’ விளிம்பின் வடிவம். ‘ஹெச்2’ என்றால் டயர் நழுவாமலிருக்க உள்ளே இரண்டு மேடு. இ.டி. என்ற ஜெர்மன் சுருக்கம், அச்சு முனையிலுள்ள ஹப்போடு ஒட்டும் முகம் டிஸ்க்கின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. வெளிப்பக்கம் தள்ளியிருக்கிறது என்பதைக் காட்டும். இந்த எண் கூடினால் சக்கரம் உள்ளே போகும். குறைந்தால் மட்கார்டை விட்டு வெளியே நீட்டும். இவற்றோடு இன்னும் இரண்டு அளவு வேண்டும். ஐந்து போல்ட்டுகள் நிற்கும் வட்டத்தின் விட்டம் 112 மி.மீ.; ஹப் நுழையும் நடு ஓட்டை 57.1 மி.மீ.

முந்தைய நான்காம் தலைமுறை கோல்ஃபின் போல்ட் வட்டம் 100 மி.மீ. ஆக, பெயர் ஒன்றாக இருந்தும் அண்ணன் டிஸ்க் தம்பிக்கு ஏறாது. ஆனால் அதே குடும்பத்தில் பிறந்த இரண்டாம் தலைமுறை ஸ்கோடா ஆக்டேவியாவின் டிஸ்க் ஐந்தாம் தலைமுறை கோல்ஃபில் அப்படியே உட்காரும். மெர்சிடிஸ் கார்களுக்கும் 112 வட்டம்தான், ஆனால் நடு ஓட்டை 66.6 மி.மீ. ஆகவே இடைவெளியை நிரப்ப ஒரு வளையம் செருகினால் மெர்சிடிஸ் டிஸ்க் கோல்ஃபில் நிற்கும். மெர்சிடிஸ் ஹப்போ கோல்ஃபின் ஓட்டையில் நுழையவே நுழையாது. ஜப்பான் கார்களில் அடிக்கடி வரும் 114.3 என்ற விசித்திர எண், மி.மீ. வேடம் போட்ட நாலரை அங்குலம்.

இந்த எண்களைத் தொடர்ந்து படித்தால் கம்பெனிகளின் கல்யாணமும் விவாகரத்தும் தெரியும். 1990-இல் ஜெனரல் மோட்டார்ஸ், ஸ்வீடனின் சாப் கார் கம்பெனியில் பாதியை வாங்கியது. அடுத்து வந்த புதிய சாப் 900, ஓப்பல் வெக்ட்ராவின் அடித்தளத்தில் எழுந்தது. ஓப்பலின் 110 போல்ட் வட்டமும் 65.1 ஓட்டையும் கூடவே வந்தன. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபியட்டும் கைகோத்த காலத்தில் உருவான இத்தாலிய ஆல்ஃபா ரோமியோ 159-க்கும் அதே அளவுகள். சாப் 2011-இல் திவாலானது. பழைய பெரிய வால்வோக்களில் 65.1 ஆக இருந்த நடு ஓட்டை, 1999-இல் வால்வோ கார்களை ஃபோர்டு வாங்கியபின் ஃபோகஸின் தளத்தில் வந்த வால்வோ எஸ்40-இல் ஃபோர்டின் 63.4-க்குச் சுருங்கியது. 1.7 மி.மீ. வித்தியாசம்தான். ஆனால் புதிய டிஸ்க் அந்தப் பழைய வால்வோக்களுக்கு ஏறாது.

குளிர்காலத்துக்குச் சிறிய டிஸ்க்கைத் தேடுவதிலும் கணக்கு உண்டு. 225/45 ஆர் 17 டயரின் மொத்த உயரம் சுமார் 634 மி.மீ.; 195/65 ஆர் 15-க்கும் ஏறக்குறைய அதே உயரம். ஆகவே ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. ஒல்லியான டயர் பனியைக் கிழித்துக்கொண்டு தரையைத் தொடும், விலையும் குறைவு. ஆனால் பெரிய பிரேக் உள்ள காரில் 15 அங்குல டிஸ்க் பிரேக்கின் காலிப்பரில் இடிக்கும்.

ஆபத்து, கிட்டத்தட்டப் பொருந்துகிற டிஸ்க்கில்தான் இருக்கிறது. பழைய ஃபியட்டின் நான்கு போல்ட் வட்டம் 98 மி.மீ., பல பிற கார்களுக்கு 100. இரண்டு மி.மீ. இழுத்துப் பிடித்து முடுக்கினால் ஏறியதுபோலத் தோன்றும். ஓடும்போது போல்ட் தளரும். போல்ட் தலை அமரும் குழியிலும் சூட்சுமம் உண்டு. சிலவற்றில் பந்துபோல் உருண்டிருக்கும், சிலவற்றில் கூம்பாக இருக்கும். ஒன்றுக்கு மற்றதைப் போட்டால் கோடுபோலத்தான் தொடும். சரியான டிஸ்க் மாட்டினால்கூட ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் போல்ட்டுகளை மறுபடி முடுக்கச் சொல்வது ஜெர்மன் வழக்கம்.

பல ஆண்டுகளாக 120 மி.மீ. வட்டத்தில் நின்ற பி.எம்.டபிள்யூ., 2010-களின் நடுவிலிருந்து ஒவ்வொரு மாடலாக 112-க்கு மாறியது. இன்று புதிய 3 சீரிஸ் காரின் போல்ட் வட்டமும் மெர்சிடிஸின் போல்ட் வட்டமும் ஒன்றே. பழைய 3 சீரிஸின் டிஸ்க் புதியதற்கு ஏறாது.