கொடைக்கானல் மலைப்பாதையும் கனரகப் பொருள் போக்குவரத்தும்

பழனி மலைத்தொடரின் மேல் ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில் அமைந்த ஊர் கொடைக்கானல். இங்கு 1845இல் அமெரிக்க மறைப்பணியாளர்கள் முதல் வீடுகளைக் கட்டினர். அப்போது முதல், எந்தப் பொருளை எதில் ஏற்றி மேலே கொண்டு போவது என்பது இவ்வூரின் தீராத கேள்வியாக இருந்து வருகிறது.

தொடக்கத்தில் பெரியகுளம் அருகிலுள்ள கிருஷ்ணமநாயக்கன் தோப்பிலிருந்து செண்பகனூர் வழியாக ஏறும் ஒற்றையடிப் பாதையே இருந்தது. ‘கூலி காட்’ என்றே ஆங்கிலேயர் அதற்குப் பெயரிட்டனர். 1875இல் ரயில் அம்மையநாயக்கனூர் வரை, அதாவது இன்றைய கொடைரோடு நிலையம் வரை வந்தது. அங்கிருந்து மாட்டுவண்டியில் மலையடிவாரம். அதற்கு மேல் துரைமார் டோலியில் போயினர், அவர்களுடைய பெட்டிகள் கூலியாட்களின் தலையில் போயின. தூக்கியவர் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. பாதையின் பெயரில் மட்டும் அவர்கள் இருக்கிறார்கள். மலைச்சரிவில் உள்ள வெள்ளகவி போன்ற ஊர்களுக்கு அதன் பிறகும் நெடுங்காலம் குதிரை முதுகில்தான் சரக்கு சென்றது.

1899இல் கொடைக்கானல் சூரிய வானாய்வகம் தொடங்கப்பட்டது. மதராஸ் வானாய்வகத்தின் கருவிகள் இங்கு வந்தன. 1912இல் பூனாவிலிருந்த மகாராஜா தக்தசிங்ஜி வானாய்வகத்தின் தொலைநோக்கிகளும் இங்கு மாற்றப்பட்டன. மோட்டார் வண்டி மலையேறாத காலம் அது. கண்ணாடி வில்லையும் இரும்புத் தாங்கியும் ஒரே பொருளாக வந்தால் பாதை இடம் தராது. பிரித்துத் தூக்க முடிந்ததே மேலே போகும்.

வத்தலக்குண்டிலிருந்து ஏறும் ‘லாஸ் காட்’ சாலைப் பணி 1870களில் மேஜர் லா என்பவரால் தொடங்கப்பட்டது. பணமின்றி நின்று, பல பத்தாண்டுகள் கழித்து முடிந்து, 1916இல் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. இன்றும் பெருவாரியான சரக்கு ஏறுவது இவ்வழியில்தான்.

மண் வெட்டும் இயந்திரங்கள் பின்னர் வந்தன. ‘பொக்லைன்’ என்பது ஒரு பிரெஞ்சு நிறுவனத்தின் பெயர். ‘ஜேசிபி’ 1979இல் இந்தியாவில் தொழிற்சாலை தொடங்கிய பிரிட்டிஷ் நிறுவனம். தமிழில் இரண்டுமே இயந்திரத்தின் பெயராகிவிட்டன. டயர் உள்ள ஜேசிபி தானே ஓடி மலையேறிவிடும். சங்கிலிப் பட்டையில் ஊரும் இயந்திரத்தை மற்றொரு வண்டிதான் சுமக்க வேண்டும். 20 டன் இயந்திரத்துக்கு நீளமான தாழ்தள டிரெய்லர் தேவை. அது கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது பின்சக்கரங்கள் முன்சக்கரத் தடத்தை விட்டு உட்பக்கம் வெட்டும். வண்டி நீள நீள இது கூடும். 12 மீட்டருக்கு மேல் நீளமான பேருந்துகளும் கனரக வாகனங்களும் கொடைக்கானலுக்கு ஏறக் கூடாது என 2024 நவம்பரில் மாவட்ட நிர்வாகம் தடை விதித்ததற்கு வளைவுகளில் நேர்ந்த நெரிசலே காரணம்.

ஆகவே மலைக்கு ஏற்றது சிறிய இயந்திரம். ஜப்பானின் யான்மார் நிறுவனம் 1968இல் இவ்வகையை அறிமுகப்படுத்தியது. ஆனால் சிறியது என்பதால் எடை குறைவு என்று எண்ணிவிடக் கூடாது. இயந்திரம் 3.5 டன், பாறை உடைக்கும் கருவியும் கூடுதல் வாளியும் 0.3 டன், டிரெய்லர் 1.2 டன் என்று கொண்டால் கொக்கியில் தொங்குவது 5 டன். 15க்கு 1 என்ற சரிவில் இறங்கும்போது அது முன்வண்டியை ஏறத்தாழ 330 கிலோ விசையுடன் தள்ளிக்கொண்டே இருக்கும். டிரெய்லருக்குத் தனி பிரேக் இல்லாவிட்டால் அத்தனையும் இழுக்கும் வண்டியின் பிரேக்கில் விழும். பிரேக் சூடேறினால் பிடிக்காது. பலர் டிரெய்லர் வாங்கும்போது தூக்கும் திறனைக் கேட்கிறார்கள், நிறுத்தும் திறனைக் கேட்பதில்லை.

லாரியின் மேல் ஏற்றுவதா, டிரெய்லரில் இழுப்பதா என்பதில் இரு தரப்புக்கும் நியாயம் உண்டு. குட்டை லாரி வளைவில் பின்னோக்கி வந்து மீண்டும் திரும்பும். டிரெய்லர் பின்னோக்கினால் மடங்கிக்கொள்ளும். ஆனால் லாரித் தளம் உயரம். அதன் மேல் நிற்கும் இயந்திரத்தின் எடைமையம் இன்னும் உயரம்; வளைவில் சாய இதுவே போதும். தாழ்வான இரட்டை அச்சு டிரெய்லர் அந்த வகையில் உறுதியானது. அதிலும் எடை அச்சுக்குச் சற்று முன்னால் அமைந்து, மொத்தத்தில் 10 முதல் 15 விழுக்காடு கொக்கியில் இறங்க வேண்டும். எடை பின்னால் போனால் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும்.

ஏற்றுவது சமதரையில்தான். மழை நனைத்த இரும்புச் சாய்தளத்தில் சங்கிலிப் பட்டை வழுக்கும். ஏறியபின் வாளியைத் தளத்தில் இறக்கி வைத்து, மேற்பகுதி சுழலாமல் பூட்டி, நான்கு மூலையிலும் சங்கிலியால் இறுக்கிக் கட்டுவர். முதல் சில கிலோமீட்டரில் சங்கிலி தளரும்; நிறுத்தி மறுபடி இறுக்க வேண்டும். வத்தலக்குண்டைத் தாண்டி ஏற்றம் தொடங்குமுன் அதற்கு இடம் இருக்கிறது, ஏறத் தொடங்கியபின் அகலமான ஓரம் கிடைப்பது அரிது.